வெப்பம் ஓடும் வாய்க்கால்

வீட்டுக் கூரையில் சுற்றும் 48 அங்குல ஃபேன் நிமிடத்துக்கு இருநூறு கன மீட்டருக்கு மேல் காற்றைத் தள்ளுகிறது. அதன் கீழே பாய் விரித்துப் படுப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். அதே அறையில், மேசைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபேன் சுற்றுகிறது. அது தள்ளும் காற்று கூரை ஃபேன் தள்ளுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் காதைக் குடைவது அதுதான். ஏன் இப்படி?

காவிரிக் கரையில் உள்ள ஜேடர்பாளையத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கிறார். மொட்டை மாடியில் ஓர் அறைதான் அவருடைய ஸ்டுடியோ. படத்தை வெட்டி ஒட்டுவதைவிட ஒலியைச் சரிசெய்வதுதான் அவருக்குச் சிரமமான வேலை. மணவறையில் யாரோ தாழ்ந்த குரலில் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்து மேலே கொண்டுவர வேண்டியிருக்கும். அந்த நேரம் பார்த்து கார்டு சூடாகி, ஃபேன் ஊளையிடத் தொடங்கும். “ஏனுங்கண்ணா, இந்த ஃபேனையே கழட்டிப்போட்டுட்டு சத்தமில்லாத கூலரு ஒண்ணு மாட்டிக்கலாமுங்களா?” என்று கேட்டார். மாட்டலாம். ஆனால் அந்த மாடி அறைக்கு எந்தக் கூலர் பொருந்தும் என்பது வெப்பம் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால்தான் விளங்கும்.

முதலில் சத்தம். ஃபேனின் ஒவ்வோர் இறக்கையும் கடந்து போகும்போது காற்றில் ஓர் அழுத்தத் துடிப்பை உண்டாக்கும். கூரை ஃபேனுக்கு மூன்று இறக்கைகள். நிமிடத்துக்கு 350 சுற்று. கணக்குப் போட்டால் நொடிக்குப் பதினேழு, பதினெட்டுத் துடிப்புகள். மனிதக் காது கேட்கத் தொடங்குவதே நொடிக்கு 20 துடிப்புகளில், அதாவது 20 ஹெர்ட்ஸில்தான். ஆகவே கூரை ஃபேனின் முக்கியமான ராகம் நம் காதுக்கு எட்டுவதே இல்லை. வெறும் காற்றின் இரைச்சல்தான் கேட்கிறது. கார்டு ஃபேனுக்குப் பதினோரு இறக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 550 துடிப்புகள். பேச்சொலி நடமாடும் எல்லை இது. காது கூர்மையாகக் கேட்கும் இடம். போதாக்குறைக்கு அந்த ஃபேன் நெருக்கமான உலோகத் தகடுகளின் மேல் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நின்று ஊதுகிறது. இறக்கையிலிருந்து கிளம்பும் சுழல்கள் தகட்டு விளிம்பில் மோதி இரைச்சலை இன்னும் கூட்டுகின்றன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒலியின் அலைவரிசையைப் படமாக வரைந்து காட்டும் இலவசச் செயலிகள் கைபேசியில் கிடைக்கின்றன. கைபேசியைக் கம்ப்யூட்டர் அருகே வைத்து, கார்டு ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். படத்தில் ஓரிடத்தில் மட்டும் ஊசி மாதிரி ஒரு முனை எழும். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அந்த முனை பாதி அலைவரிசைக்கு நகரும். இறக்கைகளின் எண்ணிக்கையையும் நொடிக்கு எத்தனை சுற்று என்பதையும் பெருக்கிப் பார்த்தால் முனை நிற்கும் இடம் சரியாக வரும். கம்ப்யூட்டருக்குள் கேட்கும் பல சத்தங்களில் ஃபேனுடையது எது என்று பிரித்தறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறையும் என்பது யாருக்கும் தெரியும். எவ்வளவு குறையும் என்பதுதான் வியப்பு. ஒரே ஃபேனைப் பாதி வேகத்தில் ஓட்டினால் காற்று பாதியாகும். ஆனால் ஒலி ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே சத்தம் பாதியானதாகக் காது உணரும். இன்னொன்று: ஃபேனின் அகலத்தைக் கூட்டினால், அது தள்ளும் காற்று அகலத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 85 மில்லிமீட்டர் ஃபேன் 3000 சுற்றில் தள்ளும் காற்றை 120 மில்லிமீட்டர் ஃபேன் ஏறத்தாழ 1000 சுற்றிலேயே தள்ளிவிடும். அதற்கு ஏழு இறக்கைகள் இருந்தால் நொடிக்குச் சுமார் 117 துடிப்புகள். காது மந்தமாகக் கேட்கும் அடித்தொனி அது.

அப்படியானால் பெரிய ஃபேனை வாங்கி, பழைய தகடுகளின் மேலேயே கட்டிவிட்டால் போதாதா? போதாது. மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குத் தள்ளுகிற அழுத்தம் மிகக் குறைவு. மேலே சொன்ன கணக்கில் அது பழைய ஃபேனுடையதில் நாலில் ஒரு பங்குகூட வராது. நெருக்கமான தகடுகளுக்குள் நுழைய முடியாமல் காற்று பக்கவாட்டில் வழிந்துவிடும். எனவே தகடுகளின் இடைவெளியை அகலமாக்க வேண்டும். இடைவெளி அகன்றால் தகடுகளின் எண்ணிக்கை குறையும். இழந்த பரப்பை ஈடுகட்டக் கூலரையே பெரிதாக்க வேண்டும். கடைகளில் தனியாகக் கிடைக்கும் சத்தமில்லாத கூலர்கள் மூன்று ஸ்லாட் இடத்தை அடைத்துக்கொண்டு பெருத்திருப்பதற்குக் காரணம் இதுதான். அமைதி வேண்டுமானால் பரப்பளவைக் கொடுத்தாக வேண்டும்.

இப்போது வெப்பம். ஜேடர்பாளையத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. காவிரியின் குறுக்கே படுகை அணை. அதிலிருந்து பிரிகிறது அல்லாள இளைய நாயக்கர் வெட்டியதாகச் சொல்லப்படும் ராஜவாய்க்கால். பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம்வரை வெற்றிலைக்கும் வாழைக்கும் கரும்புக்கும் தண்ணீர் கொண்டுபோவது அந்த வாய்க்கால் அமைப்புதான். தண்ணீர் ஓட வேண்டுமானால் மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் மட்ட வித்தியாசம் வேண்டும். வழியில் எங்காவது மதகு குறுகினாலோ ஆகாயத்தாமரை அடைத்தாலோ அந்த இடத்துக்கு மேலே தண்ணீர் உயரும். எதுவரை உயரும்? வருகிற தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகலைத் தாண்டிப் போகிற அளவு மட்டம் ஏறும்வரை.

கிராபிக்ஸ் கார்டில் உள்ள சில்லின் சூடும் அப்படித்தான் ஏறுகிறது. கார்டு 150 வாட் மின்சாரம் எடுத்தால் அந்த 150 வாட்டும் வெப்பமாக மாறி வெளியே போயாக வேண்டும். வேண்டாம் என்று மறுக்க வழியில்லை. போகும் பாதை குறுகலாக இருந்தால் முழு வெப்பமும் கடந்து போகும்வரை சில்லின் வெப்பநிலை ஏறிக்கொண்டே இருக்கும். பாதையின் குறுகலை வெப்பத்தடை என்கிறார்கள். ஒரு வாட் வெப்பம் போவதற்கு எத்தனை டிகிரி வித்தியாசம் தேவை என்பதே அதன் அளவு. ஒரு கூலரின் வெப்பத்தடை வாட்டுக்கு 0.3 டிகிரி என்றால் 150 வாட்டுக்கு 45 டிகிரி வித்தியாசம் வேண்டும்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். கூலர் எதையும் குளிரவைப்பதில்லை. சில்லுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசம் இருக்கும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. கடைமடையில் தண்ணீர் ஏறினால் தலைமடையிலும் ஏறும். ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் சோதித்து ‘67 டிகிரிதான் காட்டுகிறது, அருமை’ என்று எழுதப்பட்ட கூலர், நம் ஊரில் 36 டிகிரி அறையில் 81 காட்டும். கூலர் கெட்டுப்போகவில்லை, அதே 45 டிகிரி வித்தியாசத்தைத்தான் இங்கேயும் அது காப்பாற்றுகிறது. காவிரிக்கு அந்தக் கரையில் கரூர் மாவட்டத்தின் பரமத்தி, கோடையில் வானிலை மையம் வெளியிடும் பட்டியல்களில் அடிக்கடி 40 டிகிரியைத் தாண்டி நிற்கும் ஊர். இந்தச் சமவெளியில் கூலர் வாங்குபவர் விமர்சனத்தில் போட்டிருக்கும் வெப்பநிலையைப் பார்க்கக் கூடாது. அதிலிருந்து சோதனை நடந்த அறையின் வெப்பநிலையைக் கழித்து, வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். விமர்சனம் எழுதியவர் அறை வெப்பநிலையைச் சொல்லவில்லையா? அந்த எண்ணால் நமக்கு எந்தப் பயனும் இல்லை.

சில்லிலிருந்து கிளம்பும் வெப்பத்தின் வழியே போய்ப் பார்ப்போம். முதல் குறுகல், சில்லும் கூலரின் அடித்தட்டும் தொடும் இடம். கண்ணுக்குப் பளபளவென்று தெரியும் இரண்டு பரப்புகளும் உண்மையில் மேடு பள்ளம் நிறைந்தவை. மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும், பள்ளங்களில் காற்று நிற்கும். வெப்பத்தைக் கடத்துவதில் காற்று படுமோசம். செம்புக்கு 400 என்றால் காற்றுக்கு 0.026. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் தெர்மல் பேஸ்ட் தடவுகிறோம். பேஸ்ட்டின் அளவு ஐந்து, ஆறு இருக்கும். காற்றைவிட இருநூறு மடங்கு மேல், செம்போடு ஒப்பிட்டால் அற்பம். எனவே பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் அது இருக்க வேண்டும். முந்நூறு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சில்லில் 150 வாட் கிளம்பும்போது பேஸ்ட் 0.05 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால் அங்கே 5 டிகிரி போகும். 0.3 மில்லிமீட்டராக அப்பிவிட்டால் 30 டிகிரி. நல்ல பேஸ்ட் தாராளமாகப் போட்டிருக்கிறேன் என்று சொல்பவர்களின் கார்டு சூடாவது இதனால்தான்.

அடுத்தது வெப்பக்குழாய். கூலரின் அடித்தட்டிலிருந்து வளைந்து தகடுகளுக்குள் போகும் செம்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கெட்டிச் செம்பு இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, துளித் தண்ணீரை மட்டும் விட்டு அடைத்திருக்கிறார்கள். காற்றழுத்தம் இல்லாததால் தண்ணீர் 40 டிகிரியிலேயே ஆவியாகும். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே மீண்டும் தண்ணீராகி வெப்பத்தை விட்டுவிடும். குழாயின் உட்சுவரில் ஒட்டியுள்ள நுண்துளைச் செம்புப் பொடி அந்தத் தண்ணீரை உறிஞ்சி மறுபடியும் சூடான முனைக்குக் கொண்டுவரும். பம்ப் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2400 ஜூல் வெப்பம் வேண்டும் என்பதால், நம் 150 வாட் முழுவதையும் சுமந்துபோக நொடிக்கு ஒரு கிராமில் பதினாறில் ஒரு பங்கு ஆவியானாலே போதும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

1944இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் காக்லர் குளிர்சாதனப் பெட்டிக்காக இந்த உத்திக்குக் காப்புரிமை பெற்றார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் அதைத் தனியாகக் கண்டறிந்து செய்து காட்டினார். 1967இல் விண்வெளியில் சோதித்தார்கள். எடையற்ற நிலையிலும் தண்ணீர் திரும்பி வந்ததால், அதைத் திருப்பிக் கொண்டுவருவது புவியீர்ப்பு அல்ல, நுண்துளைகளின் உறிஞ்சல்தான் என்பது ஐயமின்றித் தெரிந்தது. அதற்காகப் பூமியில் ஈர்ப்பு குறுக்கிடாது என்று பொருளில்லை. தண்ணீர் மேல்நோக்கி ஏற வேண்டிய கோணத்தில் மாட்டினால் வெப்பக்குழாயின் திறன் குறையும். சாதாரணக் கேபினட்டில் கார்டு படுத்த நிலையில், சில்லு தரையைப் பார்த்தபடி இருக்கும். எனவே கூலரின் விளக்கத்தாளில் எந்த நிலையில் மாட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது.

கடைசிக் குறுகல்தான் பெரிய குறுகல்: தகட்டிலிருந்து காற்றுக்கு. ஃபேனே இல்லாத கூலரில், சூடான காற்று இலேசாகி மேலே போவதை மட்டுமே நம்பியிருக்கிறோம். ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஏறக்குறைய 6 வாட்தான் அப்படிக் கொடுக்கும். ஃபேன் காற்று பட்டால் அது ஐந்து மடங்கோ அதற்கு மேலோ ஆகிவிடும். 2000களின் தொடக்கத்தில் ஸால்மன் நிறுவனமும், பிறகு ஆர்க்டிக் நிறுவனமும் ஃபேனே இல்லாத கூலர்களை விற்றன. கார்டு ஃபேன்களின் சத்தம் எல்லை மீறிய காலம் அது; 2003இல் வந்த என்விடியாவின் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா அதன் இரைச்சலுக்காகவே இன்றும் பேசப்படுகிறது. பின்னாளிலும் பாலிட் நிறுவனம் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் கார்டுகளை ஃபேன் இல்லாமல் விற்றிருக்கிறது.

அந்த 75 வாட் கார்டை ஜேடர்பாளையத்து மாடி அறையில் வைத்துப் பார்ப்போம். சில்லு 83 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அறை 36, கேபினட்டுக்குள் இன்னும் ஏழு டிகிரி கூடுதல் என்றால் 43. மிச்சம் 40 டிகிரி. அதில் பேஸ்ட்டும் குழாயும் பத்தை எடுத்துக்கொண்டால் தகடுகளுக்குக் கிடைப்பது 30. கணக்குப்படி 0.42 சதுர மீட்டர் தகட்டுப் பரப்பு தேவை. அதே கார்டு 22 டிகிரி அறையில் இருந்தால் 0.28 சதுர மீட்டரில் வேலை முடிந்துவிடும். நம் கோடைக்கு ஒன்றரை மடங்கு தகடு வேண்டும் என்றாகிறது. 150 வாட்டுக்கு 0.8 சதுர மீட்டரைத் தாண்டும். அதையும் காற்று தாராளமாக ஏறிப்போகும் இடைவெளியோடு கேபினட்டுக்குள் வைத்துவிட முடியாது. எனவே ஃபேனே இல்லாத கூலர் இந்தப் பக்கத்துக்கு வேண்டாம் என்பதே என் முடிவு. பெரிய தகட்டுக் கூலரும், அதன் மேல் 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் இரண்டும் எண்ணூறு, ஆயிரம் சுற்றில் ஓடினால் போதும். அந்தச் சத்தத்தைக் கூரை ஃபேன் மூடிவிடும்.

காற்றின் இந்த எல்லை பெரிய கணினிகளையும் விடுவதில்லை. காவிரியோடு கிழக்கே போனால் திருச்சி, அங்கே என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் நிறுவப்பட்ட ‘பரம் பொருள்’ மீக்கணினிக்கு 838 டெராஃபிளாப் திறன். அது காற்றை நம்பாமல், சில்லின் தலைமேலேயே திரவத்தைக் கொண்டுவந்து வெப்பத்தை எடுக்கும் முறையில் அமைக்கப்பட்டது. தண்ணீர் அதே கன அளவில் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். ஆனால் அந்தத் திரவமும் கடைசியில் எங்கோ ஓரிடத்தில் திருச்சியின் காற்றுக்குத்தான் வெப்பத்தைக் கொடுத்தாக வேண்டும்.

மாட்டும் வேலைக்கு வருவோம். வாங்கும் முன்பே, சில்லைச் சுற்றியுள்ள நான்கு ஓட்டைகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பல கார்டுகளில் அது 53.3 அல்லது 58.4 மில்லிமீட்டர்; கூலர் அதற்கு ஒத்துப்போக வேண்டும். கேபினட்டில் அகலமும் நீளமும் போதுமா என்றும் பாருங்கள். கழற்றும் முன் கார்டைச் சிறிது நேரம் ஓடவிட்டால் பழைய பேஸ்ட் இளகும். பிறகு மின்இணைப்பைத் துண்டித்து, உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போக, மண்ணில் இணைந்த உலோகம் எதையாவது தொட்டுவிட்டு ஸ்க்ரூவில் கை வையுங்கள். கூலர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் நெம்பக் கூடாது. இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் விட்டுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் சில்லு கண்ணாடி மாதிரி வெளியே தெரியும். ப்ராசஸருக்கு இருப்பது போன்ற உலோக மூடி இதற்குக் கிடையாது. வெறும் சிலிக்கான், ஓரத்தில் அழுத்தினால் தெறித்துவிடும். ஆகவே நான்கு ஸ்க்ரூக்களையும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக மட்டும் இறுக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் இனிமேல்தான். சில்லு மட்டுமே சூடாவதில்லை. அதைச் சுற்றியுள்ள மெமரி சில்லுகளும், மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுக்கும் உறுப்புகளும் சூடாகும். பழைய கூலர் தெர்மல் பேட் வழியாக அவற்றையும் தொட்டுக்கொண்டிருந்தது. புதியது தொடாவிட்டால் ஒவ்வொன்றின் மேலும் சிறிய தகடு ஒட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால், திரையில் சில்லு 65 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்த உறுப்புகள் வெந்துபோகும். வேலை முடிந்து கார்டைச் செருகிய பிறகு, கனம் தாங்காமல் அது தொங்காதபடி முனையில் ஒரு தாங்கு கொடுங்கள்.

சரியாக மாட்டியிருக்கிறோமா என்று எப்படித் தெரியும்? சில்லுக்குள்ளேயே வெப்பமானிகள் இருக்கின்றன. சிலிக்கான் டயோடு ஒன்றின் மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அதை அளந்துதான் வெப்பநிலையைச் சொல்கிறார்கள். ஜிபியு-இசட் போன்ற மென்பொருளைத் திறந்துவைத்து, கார்டுக்கு முழு வேலை கொடுத்து, எண் ஏறாமல் ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருங்கள். கேபினட் அருகே சாதாரண வெப்பமானி ஒன்றை வைத்து அறையின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டின் வித்தியாசத்தைக் கார்டு எடுக்கும் வாட்டால் வகுத்தால் உங்கள் கூலரின் உண்மையான வெப்பத்தடை கிடைக்கும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஜனவரியில் அளந்தாலும் மே மாதத்துக்கும் அது ஏறத்தாழ பொருந்தும், அறை வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டால் போதும். சராசரி வெப்பநிலைக்கும் ‘ஹாட்ஸ்பாட்’ என்று காட்டப்படும் உச்ச வெப்பநிலைக்கும் இடையே முப்பது டிகிரி வித்தியாசம் இருந்தால் கூலர் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கழற்றி மீண்டும் மாட்டுங்கள். தாளில் எழுதிவைத்த வெப்பத்தடை ஆறு மாதத்தில் ஏறியிருந்தால் தகடுகளில் தூசி அடைத்திருக்கிறது. வெல்ல ஆலைகள் ஓடும் பருவத்தில், கரும்புச் சக்கையின் தூளும் அடுப்புச் சாம்பலும் மிதக்கும் காற்றில் இது சீக்கிரமே நடக்கும்.

ஃபேன் அடங்கியதும் சிலருக்கு ஒரு மெல்லிய கீச்சொலி கேட்கும். கார்டில் உள்ள கம்பிச்சுருள்கள் காந்த விசையில் அதிர்வதால் வருவது அது; முன்பும் இருந்தது, ஃபேன் சத்தம் மூடியிருந்தது. கூலரால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

தம்பிக்கு நான் சொன்னது இன்னொன்றும் உண்டு. கூலர் வாங்கும் முன்பே, காசு செலவில்லாமல் செய்துபார்க்க வேண்டியது அது. கார்டின் மென்பொருளில் அதிகபட்ச மின்திறனை எண்பது சதவீதமாகக் குறைக்க ஒரு வசதி உண்டு. சில்லு எடுக்கும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவது. உச்ச வேகத்தின் கடைசிக் கொஞ்சத்துக்காக அது மிக அதிகமாகத் தின்கிறது. ஆகவே இருபது சதவீதம் வாட் குறைத்தாலும் வேகம் பெரும்பாலும் அதில் பாதிகூடக் குறையாது. 150 வாட் 120 ஆனால், 0.3 தடையில் 45 டிகிரி வித்தியாசம் 36 ஆகிவிடும். அவர் பழைய கூலரிலேயே மே மாதத்தை ஓட்டிவிட்டு, பெரிய ஃபேன் உள்ள கூலரை ஆடித் தள்ளுபடியில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.